வியாழக்கிழமைக் கூட்டம்

ஜூலை மாதம் பிறந்தால் ஒஸ்லோ காலியாகிவிடும். நோர்வேக்காரர்கள் மலைக்குடில்களுக்கும் தெற்குக் கரைகளுக்கும் போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் காலையில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும் என் பஸ்ஸில் அப்போது ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அவர்களும் அநேகமாக என்னைப் போல எங்கிருந்தோ வந்து இங்கே வேலைக்குப் போகிறவர்கள்.

இருபத்தெட்டு வருடங்களாக இந்த நகரத்தில் இருக்கிறேன். அதில் பத்தொன்பது வருடங்கள் பஸ் ஓட்டியிருக்கிறேன். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். இவ்வளவு காலத்தில், போன வருடம்வரை, ஒரு கோடை நாளைக்கூட நாங்கள் இருவரும் ஒஸ்லோவில் சும்மா சுற்றித் திரிந்து கழித்ததில்லை. லீவு கிடைத்தால் ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போவோம், இல்லாவிட்டால் திருகோணமலைக்கு. இரண்டு இடத்திலும் செய்வது ஒன்றுதான். வீடு வீடாகப் போய், சாப்பிட்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, போனதைவிடக் களைத்துப்போய்த் திரும்பி வருவோம்.

அந்த வருடம் தங்கை குடும்பம் வேறு எங்கோ போய்விட்டது. எங்கள் ஒரே மகள் துரொண்ட்ஹைமில் படிக்கிறாள். கோடை வேலை கிடைத்ததென்று அங்கேயே நின்றுவிட்டாள். எனக்குத் தொடர்ச்சியாக ஏழு நாள், ஒரு கிழமைதான் லீவு கிடைத்தது. லீவின் முதல் நாள் காலை பத்து மணிவரை நான் சோபாவில் கிடந்ததைப் பார்த்த மனைவி கேட்டாள்:

“இந்தக் கிழமை முழுக்க இப்பிடிக் கிடந்து ரீவி பாக்கப் போறியளோ?”

“வேறை என்ன செய்யிறது?”

“நாளைக்கு ஒரு நாளை எனக்குத் தாங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன். எங்கை, என்னத்துக்கு எண்டு ஒரு கேள்வியும் கேக்கக்கூடாது.”

நான் ஓம் என்றேன். நாளைக்கு மழை பெய்தால் போகத் தேவையில்லை என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

மழை பெய்யவில்லை. எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் காட்டின் மேல் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மனைவி விடியற்காலையிலேயே எழும்பி மீன் ரோல்ஸ் சுட்டு, முட்டை அவித்து, பெரிய பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைத்திருந்தாள். பையைத் தூக்கிப் பார்த்தேன். கை இழுத்தது.

“என்னப்பா இதுக்குள்ளை, கல்லோ?”

“சாப்பாடு, விரிக்கிறதுக்கு உங்கடை பழைய சாரம், துவாய்.”

“துவாய் ஏன்?”

“கேள்வி கேக்கக்கூடாது எண்டு சொன்னனான்.”

எங்கள் பக்கத்துச் சுரங்க ரயில் நிலையம்தான் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். அதனால் எப்போதும் இருக்கை கிடைக்கும். அன்று பெட்டி முழுவதும் எங்களுக்குத்தான். ரயில் இரண்டு நிமிடம் பிந்தி வெளிக்கிட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு நிலையத்தில் காரணமில்லாமல் நின்றது. மறுபடியும் பார்த்தேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு வருகிற வியாதி இது. உடம்பு பயணியின் இருக்கையில் இருந்தாலும் மனம் நேர அட்டவணையோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் முறை பார்த்தபோது மனைவி கையை நீட்டினாள்.

“உதைக் கழட்டித் தாங்கோ.”

“எதை?”

“மணிக்கூட்டை.”

கழற்றிக் கொடுத்தேன். தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அதன் பிறகு மணிக்கட்டில் வெள்ளையாகத் தெரிந்த பட்டையைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகர மையத்தில் இறங்கி, கடைவீதி வழியாகத் துறைமுகப் பக்கம் நடந்தோம். நடந்தோம் என்று சொல்வது சரியில்லை. நான் நடந்தேன், அவள் நின்று நின்று வந்தாள். ஒரு சப்பாத்துக் கடைக் கண்ணாடியைப் பார்த்தாள். வயலின் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் ஒரு பாட்டு முடியும்வரை நின்றாள். பிறகு வெயில் விழுகிற மேசை ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு கோப்பிக் கடையின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கே,” என்றேன்.

“அது பிறகு.”

இரண்டு கோப்பியும், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுவாப் பனிசும் வாங்கினேன். வழக்கம்போலக் கத்தியால் இரண்டாக வெட்டப்போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“போய் இன்னொண்டு வாங்குங்கோ. எத்தினை வருசமாப் பாதி பாதியாச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறம்.”

வாங்கி வந்தேன். ஆளுக்கொரு முழுப் பனிஸ். நான் என்னுடையதில் முக்கால்வாசியை முடிப்பதற்குள் அவள் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, விரலில் ஒட்டிய சீனியையும் துடைத்துக்கொண்டாள். அந்த மேசையில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம்தான் கையில் இல்லையே. போகிற வருகிற ஆட்களைப் பார்த்தோம். கப்பலில் வந்து இறங்கிய உல்லாசப் பயணிகள் கூட்டம், வழிகாட்டி உயர்த்திப் பிடித்த ஒரு குடையின் பின்னால் போனது. முதல் கொஞ்ச நேரம் எனக்குக் கால் துடித்தது. பிறகு அதுவும் அடங்கியது.

நகரசபைக் கட்டடத்துக்கு முன்னாலுள்ள இறங்குதுறையிலிருந்து தீவுகளுக்குப் படகு போகும். மனைவி நேராக அங்கேதான் நடந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்கவேண்டும் போலிருந்தது, அதற்குக் காரணம் உண்டு.

நாங்கள் இருவரும் திருகோணமலை. கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் ஊர்க் கடல் ஒரு மார்கழி மாதக் காலையில் வீதிக்குள் ஏறி வந்தபோது நாங்கள் இங்கே ஒஸ்லோவில் இருந்தோம். மனைவியின் சித்தியும் சித்தியின் இரண்டு பிள்ளைகளும் அன்றைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் கடலில் கால் நனைத்து நான் பார்த்ததில்லை. ஊருக்குப் போகும்போதுகூட, மற்றவர்கள் கடற்கரைக்குப் போனால் இவள் வீட்டில் நின்று சமைப்பாள். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீச்சலுக்குக் கூட்டிப் போவதும் நான்தான். நானும் கரையில் உட்கார்ந்திருப்பேனே தவிரத் தண்ணீரில் இறங்கமாட்டேன். எனக்கும் நீந்தத் தெரியாது.

படகில் அவள் உள்ளே இருக்கைக்குப் போகவில்லை. வெளியே, தண்ணீரைப் பார்க்கிற பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அவளுடைய சால்வையை என் முகத்தில் அடித்தது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பயமோ கவலையோ ஒன்றும் தெரியவில்லை. சாமான் பட்டியலை மனதுக்குள் சரிபார்க்கிற ஆளின் முகம் போலத்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் முதலாவது தீவு வந்தது. இறங்கியவர்களில் பாதிப்பேர் கையில் குளிர்பெட்டியும் கறி சுடுகிற தகரத் தட்டும் வைத்திருந்தார்கள். நாங்கள் மரங்களுக்கு இடையால் மேலே ஏறினோம். நடுவில் பழைய மடம் ஒன்றின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. பல நூறு வருடங்களுக்கு முன் துறவிகள் இருந்த இடமாம். இப்போது அந்தச் சுவர்களுக்குள் பெரிய வாத்துகள் குடும்பமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று எங்களைப் பார்த்துக் கழுத்தை நீட்டிச் சீறியது. மனைவி அதனிடம் தமிழில், “சரி சரி, உங்கடை இடம்தான், நாங்கள் போறம்,” என்றாள்.

ஒரு பெரிய மரத்தின் கீழே சாரத்தை விரித்து உட்கார்ந்தோம். நீலக் கட்டம் போட்ட சாரம், வீட்டில் இடுப்பில் கட்டித் தோய்த்துத் தோய்த்து மெல்லிசாகிப்போனது. ரோல்ஸ் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. நான் ஆறு சாப்பிட்டேன். மனைவி ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

“ஏன், வயித்துக்குச் சரியில்லையோ?”

“இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு இறங்கக்கூடாது.”

“எங்கை இறங்கிறது?”

அவள் மிச்ச ரோல்ஸை மூடி வைத்தாள். பிறகு பையின் அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே கறுப்பு நீச்சல் உடை இருந்தது. முழங்கை வரைக்கும் கையும், முழங்கால் வரைக்கும் காலும் உள்ளது. ஒரு நீலத் தொப்பி. கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி.

“ஆரின்ரை இது?” என்றேன். எவ்வளவு மடைத்தனமான கேள்வி என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“என்ரை.”

“உமக்கு நீந்தத் தெரியாதே.”

“தெரியும். மாசியிலை இருந்து நீச்சல் மண்டபத்திலை பழகிறன். ஒவ்வொரு வியாழக்கிழமையும்.”

வியாழக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு ஏழரைக்குத்தான் வருவாள். வேலை முடிந்து கூட்டம் இருக்கிறதென்று சொல்லியிருந்தாள். நான் சோற்றைப் போட்டு, பருப்பைச் சூடாக்கி வைத்திருப்பேன்.

“கூட்டம் எண்டல்லோ சொன்னனீர்?”

“கூட்டம்தானே. பதினாலு பொம்பிளையள் ஒண்டாக் கூடுறம். அது கூட்டம் இல்லையோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “தலைமயிர் ஈரமாக் கிடந்திருக்குமே. நான் எப்பிடிக் காணாமல் விட்டனான்?”

“நீங்கள் என்னைப் பாத்தால்தானே. கதவு திறந்த உடனை, ‘பஸ் நேரத்துக்கு வந்ததோ?’ எண்டுதான் கேப்பியள்.”

உண்மைதான். அப்படித்தான் கேட்பேன்.

பிறகு அவள் சொன்னாள். குளிர்காலத்தில் ஒருநாள், அவள் வேலை செய்யும் இல்லத்தில் இருக்கும் ஒரு மூதாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். தொண்ணூறு தாண்டிய மனுசி. நீ எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்டிருக்கிறார். கடலுக்குப் பக்கத்தில் என்று இவள் சொல்ல, அப்படியென்றால் நன்றாக நீந்துவாய் என்றிருக்கிறார். இவள் ஓம் என்று சொல்லிவிட்டாள். மனுசிக்கு அது மறக்கவேயில்லை. மற்றதெல்லாம் மறந்துபோகிற ஆள், இவளைக் கண்டால் மட்டும் “என் நீச்சல்காரி வந்துவிட்டாள்” என்பாராம்.

“பொய் சொல்லிப்போட்டு ஒவ்வொரு நாளும் அந்த மனுசியின்ரை முகத்தைப் பாக்கேலாமல் இருந்தது,” என்றாள் மனைவி. “அதோடை…”

கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“கடலோடை எவ்வளவு காலத்துக்கப்பா கோவிச்சுக்கொண்டிருக்கிறது?”

தேநீரை மூடிக்குள் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாள்.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொல்லியிருந்தால் நீங்கள் வந்து கரையிலை இருப்பியள். ‘கவனம், கவனம், உப்பிடி இல்லை, கையை நீட்டும்’ எண்டு கத்துவியள். கார் பழக்கினது ஞாபகம் இருக்கோ?”

ஞாபகம் இருந்தது. மகள் பிறப்பதற்கு முன்பு நடந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கார்த் தரிப்பிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும். அங்கே அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினேன். நான் நல்லாய்ப் பழக்குவேன் என்று எனக்கு ஒரு எண்ணம். மூன்றாவது ஞாயிறு, கிளச்சை விடுகிற நேரத்தில் நான் என்ன சொல்லிக் கத்தினேனோ தெரியாது. அவள் காரை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்ரியரிங்கைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் அது சொல்லிச் சிரிக்கிற ஒரு பகிடியாக மாறியிருந்தது. அதைப் பகிடியாக்கியது நான்தான் என்பது அந்த மரத்தடியில் இருக்கும்போது விளங்கியது.

“நான் பிழையாத்தான் பழக்கினனான்,” என்றேன்.

“பழக்கினது சரி. கத்தினதுதான் பிழை.”

“ஓம். பிழைதான்.”

இந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்கு எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டைக் கோதுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். “வாங்கோ,” என்று எழும்பினாள்.

தீவின் மறுபக்கத்தில் சின்ன மணல் கரை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் வழுவழுப்பான பாறைகள். அவள் மறைவில் உடை மாற்றிக்கொண்டு, நீலத் தொப்பியோடு வந்தாள். யாரோ ஒரு விளையாட்டு வீராங்கனை போல இருந்தாள். இருபத்தாறு வருடமாகத் தெரிந்த ஆள்தான் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஆழத்துக்குப் போகாதையும்,” என்றேன். சொன்னவுடனேயே வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் முழங்கால் வரும்வரை மெதுவாக நடந்தாள். இடுப்பு வரைக்கும் வந்ததும் நின்றாள். நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். இன்னொரு தரமும் அள்ளினாள். கோயில் குளத்தில் செய்வது போலத்தான் இருந்தது. பிறகு முன்னால் சாய்ந்து, கையை விரித்து, போய்விட்டாள்.

நீச்சல் என்று நான் நினைத்திருந்தது கையைக் காலை அடித்துத் தண்ணீரைக் கலக்குவது. இவள் அப்படிச் செய்யவில்லை. தவளை போலக் கையை விரித்து, மடக்கி, அவசரமில்லாமல் போனாள். கொஞ்சத் தூரத்தில் ஒரு மஞ்சள் மிதவை இருந்தது. அதை நோக்கித்தான் போகிறாள் என்று தெரிந்தபோது என் கால் தானாக எழும்பிவிட்டது. பாறையில் நின்றுகொண்டேன். நீலத் தொப்பி சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு அலை வந்து மறைத்தது. பிறகு தெரிந்தது. பிறகும் மறைந்தது.

பக்கத்துப் பாறையில் ஒரு நோர்வேப் பெண்மணி குறுக்கெழுத்துப் போட்டி செய்துகொண்டிருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நீச்சல் உடையில் ஈரத்தலையோடு இருந்தார். என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “அங்கே நீந்துவது உங்கள் மனைவியா?” என்று கேட்டார்.

“ஓம். கடலில் நீந்துவது இதுதான் முதல் தடவை,” என்றேன் நோர்வேஜிய மொழியில்.

அவர் பென்சிலை வைத்துவிட்டு, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தார். சற்று நேரம் கவனமாகப் பார்த்தார்.

“நன்றாகத்தானே நீந்துகிறாள். நீங்கள் உட்காரலாம். நீங்கள் உட்கார்ந்தாலும் அவள் மிதப்பாள்.”

நான் உட்கார்ந்தேன்.

மிதவையைத் தொட்டுவிட்டு மனைவி திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். பக்கத்துப் பெண்மணியும் பென்சிலோடு கையை உயர்த்தினார். திரும்பி வரும்போது அவள் பாதித் தூரத்தில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள். மற்ற நேரமாக இருந்தால் பயந்திருப்பேன். ஆனால் தொப்பிக்குக் கீழே முகம் தெளிவாகத் தெரிந்தது. அவள் சித்தியைப் பற்றித்தான் நினைக்கிறாளோ, அல்லது ஒன்றையுமே நினைக்காமல் கிடக்கிறாளோ, எனக்குத் தெரியாது. பிறகும் நான் கேட்கவில்லை.

கரைக்கு வந்தவுடன் துவாயைக் கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, துவாயைத் தோளில் போட்டபடி பாறை ஓரமாக இறங்கினேன். தண்ணீருக்குக் கீழே பாறையில் பாசி பிடித்திருந்ததை நான் காணவில்லை. ஒரு அடி வைத்தேன், அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டு போய் நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். குளிரென்றால் அப்படி ஒரு குளிர். வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததென்று எனக்கே தெரியாது. துவாயை மட்டும் ஒரு கையால் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தேன்.

மனைவி இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, தண்ணீரைக் குடித்து, இருமி, மறுபடியும் சிரித்தாள். “கத்தாமல் இருந்தால் கையைப் பிடிச்சுத் தூக்கிவிடுவன்,” என்றாள்.

“கத்தேல்லை,” என்றேன் பல் அடிக்க.

தூக்கிவிட்டாள். பாறையிலிருந்த பெண்மணி கை தட்டினார்.

நல்ல காலம், போனைச் சப்பாத்தோடு மேலே பாறையில் வைத்திருந்தேன். ஆனால் காற்சட்டை பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும் போலிருந்தது. மாற்றிப் போட வேறு ஒன்றும் இல்லை. விரிப்பாகக் கொண்டுவந்த சாரத்தைத்தான் உதறிக் கட்டிக்கொண்டேன். கட்டியதும் உடம்புக்கு எவ்வளவு சுகமாக இருந்தது! வீட்டுக்குள் மட்டுமே நான் சாரம் கட்டுவேன். தபால் எடுக்கக் கீழே போவதென்றால்கூடக் காற்சட்டை மாட்டுகிற ஆள். இப்போது ஒஸ்லோவின் நடுக்கடலில், ஈரச் சேட்டும் நீலக் கட்டச் சாரமுமாகப் படகுக்கு வரிசையில் நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் கோடையில் ஆட்கள் எதைக் கட்டினாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

படகில் ஏறிய பிறகுதான் எங்களுக்கு எதிரே இருந்த ஒரு இளம் சோடி பார்த்தது. அந்தப் பெண் பையனின் முழங்கையில் இடித்து, மெதுவாக, “ஏய், லுங்கி பாரேன்,” என்றாள்.

“லுங்கி இல்லைப் பிள்ளை, சாரம்,” என்றேன்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் எழும்பியே விட்டான். “ஐயோ சாரி சார். தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கோயம்புத்தூர். வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கேன். நீங்க ஸ்ரீலங்காவா சார்?”

“ஓம். இருங்கோ, இருங்கோ.”

மனைவி மிச்ச ரோல்ஸை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண்ணின் கண் மனைவியின் ஈரத்தலையில் நின்றது.

“ஆன்ட்டி, நீங்க அந்தத் தண்ணில குளிச்சீங்களா? ரொம்ப குளுருமே!”

“முதல் ரெண்டு நிமிசம்தான் குளிர். பிறகு விறைச்சுப்போடும், ஒண்டும் தெரியாது.”

“விறைச்சுன்னா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான், “மரத்துப் போறது,” என்றேன். பெண் தலையாட்டினாள். தனக்கும் நீந்தக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் எங்கே போவதென்று தெரியவில்லை என்றாள். மனைவி நீச்சல் மண்டபம் எங்கே இருக்கிறது, எந்தக் கதவால் போகவேண்டும், எந்த அளவு உடை வாங்கவேண்டும் எல்லாம் விளக்கமாகச் சொன்னாள். வியாழக்கிழமை பின்னேரம் என்றாள்.

“பின்னேரம்னா நைட்டா ஆன்ட்டி?”

“இல்லை, அஞ்சு மணிக்கு.”

“ஓ, சாயந்தரம்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். இறங்குதுறை வருவதற்குள் தொலைபேசி இலக்கமும் மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் இதெல்லாம் சும்மா படகுப் பேச்சு என்றுதான் நினைத்தோம். ஆனால் ஆவணி முடிந்து வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது அந்தப் பெண் உண்மையாகவே வந்து நின்றாளாம். இப்போது இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள்.

படகிலிருந்து இறங்கியதும் நான் நேராக வீட்டுக்குத்தான் போவோம் என்று நினைத்தேன். காற்சட்டை பையில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி ஒப்பரா மண்டபத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

“அங்கை வெள்ளைக் கல்லிலை வெயில் படுது. அரை மணித்தியாலத்திலை காய்ஞ்சிடும்.”

அந்தக் கட்டடத்தின் கூரை தண்ணீரிலிருந்து சரிவாக மேலே ஏறிப்போகும். யாரும் அதில் நடக்கலாம். கண் கூசுகிற வெள்ளைக் கல், பகல் முழுவதும் வெயில் குடித்துச் சூடாக இருந்தது. என் காற்சட்டையைப் பக்கத்தில் விரித்து, மேலே தண்ணீர்ப் போத்தலையும் பிளாஸ்கையும் பாரமாக வைத்தோம். நான் சாரத்தோடு கல்லில் முதுகு படப் படுத்தேன். மனைவி என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தலைமயிரை விரித்துக் காயவிட்டாள். எங்களைத் தாண்டி ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். எத்தனையோ தரம் இந்தக் கட்டடத்தைத் தாண்டி பஸ் ஓட்டியிருக்கிறேன். அதன் கூரை முதுகுக்கு இவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மகளிடமிருந்து போன் வந்தது. மனைவி படகில் வைத்தே என் படம் ஒன்றை அவளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

“அப்பா, என்ன கோலம் இது? எங்கை நிக்கிறியள்?”

“ஒப்பராவிலை.”

“சாரத்தோடையோ?”

“ஓம். கொம்மா நீந்தினவ. நான் விழுந்தனான்.”

“அம்மா கடலிலையோ?” என்று மெல்லக் கேட்டாள்.

நான் போனை மனைவியிடம் கொடுத்தேன். அவர்கள் நிறைய நேரம் கதைத்தார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம், என்ன நிறத் தொப்பி. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நடுவில் நித்திரை வந்துவிட்டது. எழும்பியபோது காற்சட்டை தடித்த அட்டை போலக் காய்ந்திருந்தது, உப்பு வெள்ளை வெள்ளையாக. மனைவி அதைப் பார்த்து, “போடுறியளோ?” என்று கேட்டாள்.

“இல்லை. இப்பிடியே வாறன்.”

சுரங்க ரயிலில் சாரத்தோடுதான் வந்தேன். எங்கள் கட்டட வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். விடுமுறை எப்படி என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். அவருக்கு என் சாரம் பிடித்துவிட்டது. எங்கே வாங்கலாம் என்றும் கேட்டார்.

அன்று வீட்டில் சமைக்கவில்லை. பாண் துண்டுகளை வாட்டி, முதல் நாள் மிஞ்சிய சம்பலோடு பால்கனியில் இருந்து சாப்பிட்டோம். மனைவிக்குத் தோள்மூட்டு நொந்தது. நான் தைலம் தேய்த்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் மழை. ஒஸ்லோ ஜூலை அப்படித்தான். நாங்கள் வெளியே போகவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, காட்டின் மேல் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தோம்.

சனிக்கிழமை மறுபடியும் வெயில் வந்தது. மறுபடியும் தீவுக்குப் போனோம். அன்று மஞ்சள் மிதவைக்கு இரண்டு தரம் போய் வந்தாள். நானும் இறங்கினேன். முழங்கால் வரைக்கும்தான்.